மிலான் நகரம் சுருட்டைக் கைவிட்ட நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

1848ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று மிலான் நகரத்து மக்கள் புகைபிடிப்பதை நிறுத்தினார்கள். உடல்நலம் இதற்குக் காரணமன்று. லொம்பார்டிப் பகுதியை அப்போது ஆண்டுவந்த ஆஸ்திரியப் பேரரசுக்குப் புகையிலை விற்பனையிலிருந்தும் அரசு லாட்டரியிலிருந்தும் பெருந்தொகை போய்க்கொண்டிருந்தது. அந்த வருவாயை அடைத்துவிடுவதென்று நகரத்தார் முடிவெடுத்தனர். இரண்டு நாள் கழித்து ஆஸ்திரியச் சிப்பாய்கள் வாயில் சுருட்டைக் கவ்விக்கொண்டு, வேண்டுமென்றே தெருத்தெருவாக உலாவினர். வசைமொழியில் தொடங்கிய மோதல் வாள்வீச்சில் முடிந்து, சிலர் உயிரிழந்தனர். மார்ச் மாதத்தில் அதே நகரம் ஐந்து நாள் தெருச்சண்டை நடத்தி ஆஸ்திரியப் படையையே வெளியேற்றியது.

இத்தாலியத் தேசியம் என்றவுடன் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சுருட்டுதான். கவிஞர்களும் கல்லூரி மாணவர்களும் பேசிவந்த ஓர் எண்ணம், கடைக்குப் போகும் சாதாரண மனிதன் செய்யக்கூடிய காரியமாக அன்று மாறியது.

நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின் 1815இல் வியன்னாவில் கூடிய வல்லரசுகள், இத்தாலியத் தீபகற்பத்தைப் பல அரசுகளாகப் பங்கிட்டுவிட்டன. லொம்பார்டியும் வெனிஸும் ஆஸ்திரியாவின் நேரடி ஆட்சியில் இருந்தன; நடுப்பகுதி போப்பாண்டவர் வசமும், நேப்பிள்ஸும் சிசிலியும் பூர்பன் மன்னர் வசமும் இருந்தன. இத்தாலி என்பது வெறும் நிலவியற்பெயர் என்றார் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக். இந்த எண்ணத்துக்கு நேர்மாறாக, ஒன்றுபட்ட இத்தாலியை நாடி 1831இல் மார்செய் நகரில் ‘இளம் இத்தாலி’ என்ற சங்கத்தைத் தொடங்கினார் ஜெனோவாவில் பிறந்த மாஜினி. அச்சங்கத்தில் சேருவோர் எடுத்துக்கொண்ட உறுதிமொழியைப் பாரதியார் தமிழ்ச் செய்யுளாக்கியிருப்பதால், மாஜினி நமக்கும் அந்நியரல்லர். ஆனால் அவருடைய கிளர்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. 1849இல் அவர் தலைமையில் இயங்கிய ரோமானியக் குடியரசையும் பிரெஞ்சுப் படை சில மாதங்களில் கவிழ்த்தது. உணர்ச்சி எவ்வளவு தூயதாயினும் பீரங்கிக்கு முன் அது தனித்து நிற்க முடியவில்லை.

பீரங்கியைத் தேடித் தந்தவர், வடமேற்கு இத்தாலியில் இருந்த பீட்மான்ட் அரசின் பிரதமர் கவூர். மூன்றாம் நெப்போலியனுடன் இரகசியமாகப் பேசி, 1859இல் பிரெஞ்சுப் படையின் துணையோடு ஆஸ்திரியாவை மஜென்டாவிலும் சோல்ஃபெரினோவிலும் வீழ்த்தினார். பாதிவழியில் பிரெஞ்சுப் பேரரசர் மனம் மாறி, ஆஸ்திரியப் பேரரசரோடு தாமே சமரசம் செய்துகொண்டார். வெனிஸ் ஆஸ்திரியாவிடமே இருக்கும், டஸ்கனியிலிருந்தும் மோடெனாவிலிருந்தும் ஓடிப்போன கோமகன்கள் அரியணைக்குத் திரும்பலாம் என்பது அவர்கள் முடிவு. கவூர் வெறுத்துப்போய்ப் பதவி விலகினார்.

தேசிய உணர்வின் உண்மையான வலிமையை இந்த இடத்தில்தான் காண்கிறேன். இரண்டு பேரரசர்கள் முடிவெடுத்த பின்பும் ஃபுளோரன்ஸும் மோடெனாவும் பார்மாவும் பழைய ஆட்சியாளர்களைத் திரும்ப ஏற்க மறுத்தன. தற்காலிக அரசுகள் மாதக்கணக்கில் பிடிவாதமாக நின்று, 1860 மார்ச்சில் பொதுவாக்கெடுப்பு நடத்திப் பீட்மான்டோடு இணைந்தன. அதைப் பிரான்ஸ் ஒப்புக்கொள்வதற்கு நீஸையும் சவாயையும் விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நீஸ்தான் இத்தாலிய விடுதலைக்காகத் தொண்டர் படைகளை நடத்திய கரிபால்டி பிறந்த ஊர்; தம் சொந்த மண்ணிலேயே தம்மை அந்நியனாக்கிவிட்டார் என்று கவூர்மீது அவருக்கு ஆறாத கோபம்.

கவூர் முதலில் திட்டமிட்டது வட இத்தாலிய அரசு ஒன்றைத்தான். தெற்கை இழுத்துவந்து சேர்த்தவர் கரிபால்டி. 1860 மே மாதத்தில் ஏறத்தாழ ஆயிரம் தொண்டர்களுடன் இரண்டு நீராவிக் கப்பல்களில் புறப்பட்டு சிசிலியின் மார்சாலாவில் இறங்கினார். வழக்கறிஞர், மருத்துவர், மாணவர், கைவினைஞர் எனப் பலர் அதில் இருந்தனர். உழவர் இல்லையென்றே சொல்லலாம். செப்டம்பரில் நேப்பிள்ஸ் அவர் கைக்கு வந்தது. குடியரசுவாதியான அவர், வென்ற நாட்டை அக்டோபரில் பீட்மான்ட் மன்னர் விக்டர் இமானுவேலிடம் ஒப்படைத்துவிட்டுத் தம் தீவுக்குத் திரும்பினார். அவரைப் போலவே குடியரசுவாதியான மாஜினியால் இப்படி விட்டுக்கொடுக்க முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

தொண்டர் படையில் இல்லாத உழவர்களுக்கு இதெல்லாம் வேறு மாதிரியாகப் புரிந்தது. கரிபால்டி நிலம் பங்கிடுவதாக வாக்களித்திருந்ததை நம்பி, ஆகஸ்ட் மாதத்தில் எட்னா எரிமலையடியிலுள்ள புரோன்டே ஊரார் கிளர்ந்தெழுந்து ஊர்ப்பெரியவர்கள் பலரைக் கொன்றனர். அங்கு விரைந்த கரிபால்டியின் தளபதி பிக்ஸியோ, அவசர விசாரணை நடத்தி ஐவரைச் சுட்டுக்கொல்லச் செய்தார். அக்டோபர் 21இல் சிசிலி முழுவதும் நடந்த வாக்கெடுப்பில் இணைப்புக்கு எதிராக விழுந்த வாக்குகள் 667 மட்டுமே. ஆதரவாக நான்கு லட்சத்துக்கும் மேல். இந்தக் கணக்கை நான் சற்று ஐயத்தோடுதான் படிக்கிறேன்.

1861 மார்ச் 17 அன்று இத்தாலிய முடியரசு அறிவிக்கப்பட்டது. புதிய நாட்டின் முதல் மன்னர், பீட்மான்ட் மரபுப்படி ‘இரண்டாம்’ விக்டர் இமானுவேல் என்றே தம்மை அழைத்துக்கொண்டார். பீட்மான்ட்தான் இத்தாலியை விழுங்கிவிட்டதென்று முணுமுணுத்தவர்களுக்கு இந்த ஒரு சொல்லே போதுமானதாயிற்று. வெனிஸ் 1866இல் வந்து சேர்ந்தது. 1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை ரோமாபுரியின் மதிலைப் பீரங்கியால் உடைத்து உள்ளே நுழைந்தது. நாற்பது ஆண்டுகளாக அந்த நாளுக்காகவே வாழ்ந்த மாஜினி, அன்று காயேட்டா கோட்டையில் இத்தாலிய அரசின் கைதியாக இருந்தார்.