உரம்தான், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்கக் கதாசிரியர் எட்கர் ஆலன் போவுக்கு அவர் எழுதிய விமர்சனங்கள் உரமா, பகையா என்பது தலைப்பு. நான் உரம் என்ற அணி.

எனக்கு முன் பேசிய நண்பர் பாதி நேரம் பகைக்கணக்கு வாசித்தார். போ ‘கோடரிக்காரர்’ என்று பட்டப்பெயர் வாங்கினார், கவிஞர் லாங்ஃபெல்லோவைத் திருடன் என்றார், 1849 அக்டோபரில் போ இறந்த இரண்டாம் நாளே அவருடைய பகைவர் கிரிஸ்வால்டு புனைபெயரில் இரங்கல் எழுதிச் சேற்றை வாரி இறைத்தார் என்றார். சரி, மறுக்கவில்லை. லாங்ஃபெல்லோ விஷயத்தில் போ செய்தது அநியாயம்தான். ஆனால் இதெல்லாம் ஆளுக்கு வந்த கேடு. கதைக்கு என்ன கெட்டது? அதை நண்பர் சொல்லவே இல்லையே!

மதிப்புரை எழுதி நேரத்தை வீணாக்கினார் என்றும் சொன்னார். டிக்கன்ஸின் ‘பார்னபி ரட்ஜ்’ தொடராக வந்துகொண்டிருந்தபோதே, 1841 மே மாதம், கொலையாளி யார் என்று எழுதியவர் போ. பேர்தான் போ, பிடித்தால் விடமாட்டார். நாவல் முடிந்ததும் இன்னொரு மதிப்புரை. அந்த நாவலில் வரும் பேசும் அண்டங்காக்கையை டிக்கன்ஸ் சரியாகப் பயன்படுத்தவில்லை, அதன் கரைதல் வரப்போவதைச் சொல்லும் குரலாக ஒலித்திருக்கலாம் என்று குறை சொன்னார். மூன்று வருடம் கழித்து, 1845 ஜனவரியில் வந்தது ‘அண்டங்காக்கை’ கவிதை. போவை ஊரே அறிந்தது அதனால்தான். அடுத்தவர் வயலில் களை பார்க்கப் போனவர் விதையோடு திரும்பி வந்திருக்கிறார்!

அது கவிதைதானே, கதை எங்கே என்கிறார் நண்பர். இதோ, பிலடெல்பியாவின் கிரகாம்ஸ் மேகசின், 1842 மே இதழ். ஆண்டுக்கு 800 டாலர் சம்பளத்தில் போ வேலை பார்த்த பத்திரிகை. அதில் இன்னொரு அமெரிக்க எழுத்தாளரான ஹாதோர்னின் கதைகளுக்கு மதிப்புரை எழுதுகிறார். சிறுகதையை ஒரே அமர்வில் படித்து முடிக்க வேண்டும், எல்லாச் சொல்லும் ஒரே விளைவை நோக்கிப் போக வேண்டும், முதல் வாக்கியமே அதற்கு உதவாவிட்டால் முதல் அடியிலேயே தோல்வி என்கிறார். சொல்லிவிட்டுப் போகலாம், யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் அதே இதழில் அவருடைய கதையும் இருக்கிறது: ‘செஞ்சாவின் முகமூடி’. செஞ்சாவு என்ற கொள்ளைநோய்க்குப் பயந்து கோட்டைக்குள் ஒளிந்து கூத்தடிக்கும் இளவரசனின் கதை. இருபது நிமிடத்தில் படித்துவிடலாம். முதல் வாக்கியத்தில் செஞ்சாவு, கடைசி வாக்கியத்திலும் செஞ்சாவு. விதி சில பக்கம் தள்ளி, அதற்கான சாட்சி சில பக்கம் தள்ளி! இதைப் பகை என்றால் நடுவர்தான் நம்ப வேண்டும்.

மணி அடித்துவிட்டீர்கள். அந்தக் கதையிலும் ஒரு கருங்காலிக் கடிகாரம் உண்டு. அது அடித்தால் வாத்தியக்காரர்கள் முதல் ஆடுகிறவர்கள் வரை எல்லாரும் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். நானும் நிறுத்திக்கொள்கிறேன். வணக்கம்.