காசு கேட்காத டோர்செட்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளி விடுமுறை வருகிறது, பிள்ளைகளை அதிகச் செலவில்லாமல் எங்கே கூட்டிப் போகலாம் என்று கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று நிலையத்தார் அழைத்தார்கள். லண்டன் மியூசியங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, டைனோசர் எலும்புக்கூட்டின் முன்னால் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் படம் எடுத்தாகிவிட்டது. அதனால் நான் கொஞ்சம் தள்ளி, இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் இருக்கும் டோர்செட் கவுண்டியை எடுத்துக்கொள்கிறேன். அந்த மாதிரி எலும்புகள் மண்ணிலிருந்து வெளியே வந்த ஊர் அது.

முதலில் இலவசம் என்ற பேச்சைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். நான் சொல்லப்போகும் இடங்களில் நுழைவுச்சீட்டு கிடையாது. ஆனால் வண்டி நிறுத்தக் காசு உண்டு, கடலோரத்தில் அது நல்ல காசு. டர்டில் டோர் என்ற கல் வளைவைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், கடலுக்குள் கால் நீட்டி நிற்குமே, அதைப் பார்ப்பது சும்மா, பக்கத்தில் காரை நிறுத்துவது சும்மா இல்லை. லண்டன் வாட்டர்லூவிலிருந்து டார்செஸ்டர் வழியாக வேமவுத் வரை நேர் ரயில் இருக்கிறது, முன்கூட்டியே பதிவு செய்தால் கட்டணம் குறையும். அங்கே இறங்கிய பிறகு பேருந்து. 2025 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் பெரும்பாலான பேருந்துகளில் ஒரு வழிப் பயணத்துக்கு 3 பவுண்டுதான் உச்சவரம்பு, கடற்கரைச் சாலையில் போகும் நீளமான தடங்களில் அது கொள்ளை லாபம்.

இன்னொரு விஷயம். கதவும் வேலியும் இல்லாத இந்த இடங்களுக்கு ‘எப்போது போவது’ என்பது ரொம்ப முக்கியம். கடல் எப்போது வற்றும், ராணுவம் எப்போது சுடும் என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ராணுவமா என்று கேட்கிறீர்களா, வருகிறேன்.

சார்மவுத் கடற்கரையிலிருந்து ஆரம்பிக்கிறேன், எனக்குப் பிடித்த இடம். எக்ஸ்மவுத்திலிருந்து ஸ்டட்லண்ட் வரை சுமார் 150 கிலோமீட்டர் நீளக் கடற்கரையை 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, ஜுராசிக் கோஸ்ட் என்று அதற்குப் பெயர். பதினெட்டரைக் கோடி ஆண்டு வரலாறு அந்தப் பாறைகளில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. சார்மவுத்தில் அந்த அடுக்குகள் சாம்பல் நிறச் சேறும் களிமண்ணுமாக இருப்பதால், மழைக்கும் அலைக்கும் சரிந்துகொண்டே இருக்கும், சரிந்த மண்ணைக் கடல் அலசிவிட்டு உள்ளே இருந்த புதைபடிவங்களை, அதாவது பிள்ளைகள் ஃபாசில் என்று சொல்வதை, கூழாங்கற்களுக்கு நடுவே போட்டுவிட்டுப் போகும். கரையில் உதிரியாகக் கிடப்பதை நீங்கள் பொறுக்கிக்கொள்ளலாம், வீட்டுக்கும் கொண்டுபோகலாம். அரிதான பெரிய பொருள் கிடைத்தால் மட்டும் அங்குள்ள மையத்தில் சொல்லிப் பதிவுசெய்ய வேண்டும்.

எப்படித் தேடுவது? நிமிர்ந்து நடந்தால் ஒன்றும் கிடைக்காது. கடல் வற்றிக்கொண்டு போகும்போது, தண்ணீர் விட்டுப்போன ஈரக் கற்களுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரே இடத்தில் பத்து நிமிடம் பாருங்கள். முதலில் எல்லாம் கறுப்பும் சாம்பலுமாகத்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும், பித்தளை நிறத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு, வரிவரியாகச் சுருண்ட ஒன்று கண்ணில் படும், அதுதான் அம்மோனைட், அழிந்துபோன ஒரு கடல் பிராணியின் ஓடு. துப்பாக்கித் தோட்டா மாதிரி கூரான கல் கிடைத்தால் அது பெலம்னைட், கணவாய்க்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பிராணியின் உள்ளோடு. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மோனைட்டை விளக்குவது ரொம்ப சுலபம், தாத்தா பாட்டி பூஜையறையில் சாளக்கிராமம் வைத்திருந்தால் அதைக் காட்டுங்கள், கண்டகி ஆற்றில் எடுக்கும் அதுவும் அம்மோனைட் படிவம்தான். அரியலூர்ப் பக்கமும் இந்த இனம் நிறையக் கிடைக்கிறது, ஆனால் அவை சார்மவுத்தில் கிடைப்பவற்றைவிட வயதில் இளையவை.

கரையிலேயே சார்மவுத் ஹெரிடேஜ் கோஸ்ட் சென்டர் இருக்கிறது, உள்ளே போகக் காசில்லை, நன்கொடைப் பெட்டி உண்டு. பொறுக்கியதைக் கொண்டுபோய்க் காட்டினால் என்னவென்று சொல்வார்கள், பாதி நேரம் ‘இது வெறும் கல்’ என்ற பதில்தான் வரும், பிள்ளைகள் அதையும் பெரிய விஷயமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் கூட்டிப்போகும் வழிகாட்டி நடைக்குத்தான் கட்டணம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், செங்குத்துப் பாறைக்குக் கீழே போகாதீர்கள், அதைச் சுத்தியால் தட்டாதீர்கள். பக்கத்து ஊர் லைம் ரீஜிஸில் 1799இல் பிறந்த மேரி ஆனிங்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏழைத் தச்சரின் மகள், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அண்ணனோடு சேர்ந்து இக்தியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனத்தின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தவர், 1823இல் பிளீசியோசார் என்ற இன்னொரு கடல் ஊர்வனத்தை முழுசாக எடுத்தவர். அவர் கண்டெடுத்ததை வைத்து ஆண்கள் கட்டுரை எழுதினார்கள், லண்டன் நிலவியல் கழகமோ பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1919இல்தான், அதற்குள் அவர் இறந்து எழுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 1833இல் அவருடைய நாய் ட்ரே அவர் கண்ணெதிரே மண்சரிவில் மாட்டிச் செத்தது. அந்தக் கரையை உள்ளங்கை போல் அறிந்தவருக்கே அப்படியென்றால் நாம் எம்மாத்திரம். லைம் ரீஜிஸில் 2022இல் திறந்த அவர் சிலையில் அந்த நாயும் கூட ஓடுகிறது. போய்ப் பாருங்கள், சும்மாதான்.

அப்புறம் செசில் பீச். 29 கிலோமீட்டர் நீளத்துக்கு மணலே இல்லாமல் கூழாங்கல் மேடு. மேற்கே வெஸ்ட் பேயில் பட்டாணி அளவு, கிழக்கே போர்ட்லண்ட் போய்ச் சேரும்போது உருளைக்கிழங்கு அளவு, கடலே சலித்து வைத்திருக்கிறது. இருட்டில் கரையேறும் மீனவர் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவார் என்பார்கள். இங்கே கல்லை எடுத்துவரக் கூடாது, குளிக்கவும் வேண்டாம், கரை சட்டென்று ஆழமாகிவிடும், அலை காலை வாரும்.

இந்தக் கற்களுக்கு ஒரு பழைய வேலை இருந்தது. டார்செஸ்டருக்கு வெளியே மெய்டன் கேசில் என்று ஒரு மலைக்கோட்டை, இரும்புக் காலத்து மண் அரண், ஐரோப்பாவிலேயே பெரியவற்றுள் ஒன்று. கோட்டை என்றதும் கற்சுவரும் கொத்தளமும் தேடாதீர்கள், புல் மூடிய மண்மேடும் அகழியும் மாறி மாறி வரும், அவ்வளவுதான், மேலே ஆடு மேயும். இங்கே பார்க்கிங்கும் இலவசம், அதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். 1934 முதல் 1937 வரை அங்கே அகழ்ந்தவர் மார்டிமர் வீலர், கிழக்கு வாசலருகே கவணில் வைத்து எறியும் கற்கள் 20,000-க்கும் மேல் குவியலாகக் கிடைத்தன, எல்லாம் கடற்கரையிலிருந்து சுமந்து வந்தவை. அதே வீலர்தான் பிறகு இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராகப் போய், 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டியவர். கட்டம் கட்டமாகக் குழி வெட்டி நடுவில் வரப்பை விட்டுவைக்கும் அவருடைய முறை டோர்செட்டில் பழகிய பழக்கம். அரிக்கமேட்டில் ரோமானியப் பானை ஓடுகளை எடுத்தார், டோர்செட்டில் ரோமானியப் படை வந்த காலத்துக் கல்லறை எடுத்தார், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நூற்றாண்டு. டோர்செட்டில் ரோமானியர் நடத்திய பெரும் போர் என்று அவர் கட்டிய கதையைப் பின்னால் வந்தவர்கள் அவ்வளவாக ஏற்கவில்லை. எனக்கென்னவோ அந்தப் புல்மேட்டில் காற்று அடிக்கும்போது அவர் கதையைத்தான் நம்பத் தோன்றும்.

இப்போது ராணுவத்துக்கு வருகிறேன். டைனம் என்ற கிராமம். 1943 கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால், படைப் பயிற்சிக்கு இடம் வேண்டும் என்று அங்கிருந்த ஏறத்தாழ 225 பேரையும் வெளியேற்றினார்கள். போகும்போது தேவாலயக் கதவில் ஒரு குறிப்பு வைத்துவிட்டுப் போனார்கள், வீடுகளையும் கோயிலையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் திரும்பி வருவோம் என்று. திரும்ப விடவில்லை, 1948இல் அரசு நிலத்தையே கையகப்படுத்திக்கொண்டது. இன்றும் பீரங்கி சுடும் களம்தான். பெரும்பாலான வார இறுதிகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் திறந்து விடுகிறார்கள், தேதியை முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள், சிவப்புக் கொடி பறந்தால் திரும்பிவிடுங்கள். கூரையில்லாத வீடுகளில் அடுப்பங்கரை மட்டும் தெரியும். பள்ளிக்கூடத்தை மட்டும் சீர்செய்து வைத்திருக்கிறார்கள், பெஞ்சும், கோட்டு மாட்டும் கொக்கிகளுக்கு மேலே பிள்ளைகள் பெயரும். ஊரைவிட்டு வந்த குடும்பங்கள் நம்மில் நிறைய, இலங்கை ராணுவம் எடுத்துக்கொண்ட யாழ்ப்பாண வலிகாமத்து வீடுகளை நினைக்காமல் அங்கே நிற்க முடியாது. கடை கிடையாது, தண்ணீரும் புளிச்சோறும் கட்டிக்கொண்டு போங்கள். மஞ்சள் கம்பத்தைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள், வெடிக்காத குண்டு இருக்கலாம்.

செர்ன் அப்பாஸ் ராட்சதனைப் பற்றியும் கேட்பீர்கள். மலைச்சரிவில் சுண்ணாம்பில் கீறிய 55 மீட்டர் உருவம், கையில் தடி, உடம்பில் துணி இல்லை, அதுவும் ஒளிவுமறைவே இல்லாமல். மாமியாரைக் கூட்டிப் போகிறவர்கள் முன்னாடியே சொல்லிவிடுங்கள். வரலாற்றுக்கு முந்தியது என்றும் பதினேழாம் நூற்றாண்டுக் கேலி என்றும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், 2021இல் மண்ணைச் சோதித்து கி.பி. 700க்கும் 1100க்கும் இடைப்பட்டது என்றார்கள், யாருமே எதிர்பார்க்காத பதில்.

மழை வந்தால் என்ன செய்வது, வரும். டார்செஸ்டரில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் ரோமன் டவுன் ஹவுஸ் இருக்கிறது, மொசைக் தரையைச் சும்மா பார்க்கலாம். டால்படில் கிராமத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகம், அதற்கும் சீட்டில்லை. வாரம் 9 ஷில்லிங் கூலியை 7 ஆக்கி, 6 ஆக்குவோம் என்றும் மிரட்டியபோது சங்கம் சேர்ந்த ஆறு பண்ணையாட்களை, ரகசிய உறுதிமொழி எடுத்தார்கள் என்று 1834இல் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். நாடு முழுக்கக் கூட்டம் போட்டுக் கத்தி 1836இல் மன்னிப்பு வாங்கினார்கள். அவர்கள் கூடிப் பேசிய மரம் இன்னும் ஊர் நடுவில் நிற்கிறது, மழை விட்டால் அதனடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கலாம்.