குளக்கட்டு வழியே வன்னிக் காடு

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

கூடாரத்தை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு விடுமுறைக்கு இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக்கு வரும் இளைஞர்கள், காட்டுக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என் பதில் அவர்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கும். வன்னியில் விலங்குகளைப் பார்க்க விரும்புபவர் காட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. குளக்கட்டில் நின்றால் போதும்.

இங்குள்ள ஆறுகளிற் பெரும்பாலானவை கோடையில் வெறும் மணலாகிவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையைத் தேக்கி வைப்பவை, நெல் விளைவிப்பதற்காக மனிதர் கட்டிய குளங்களே. ஆனி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகக் காற்று வறண்டு வீச, காட்டுக்குள் இருக்கும் மடுக்களும் மோட்டைகளும் ஒவ்வொன்றாக வற்றிப்போக, யானையும் மரையும் புள்ளிமானும் பன்றியும் அக்குளங்களின் அலைகரைக்கே வந்து சேர வேண்டியிருக்கிறது. நீர் பின்வாங்கிய சேற்றில் முளைக்கும் பசும்புல்லும் அவற்றுக்கு அந்தக் காலத்தில் கிடைக்கும் நல்ல தீனி.

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே வந்து, மாங்குளத்தில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பினால் ஒட்டுசுட்டான் வரும். அதற்கு அண்மையில் உள்ள முத்தையன்கட்டுக் குளம் இதற்கு நல்ல இடம். வெயில் தாழும் நேரத்தில், காற்று நம் முகத்தில் படும்படி நின்றால் நம் வாடை விலங்குகளுக்கு எட்டாது. முதலில் மயிலும் மானும் வெளிவரும். யானைகள் பெரும்பாலும் பொழுது சாயும்போதுதான் வரும். கூட்டமாக வருபவை பெண் யானைகளும் கன்றுகளும். தனியே வருவது பெரும்பாலும் ஆண் யானை. இலங்கையில் தந்தமுள்ள கொம்பன் அரிது என்பதால், தந்தம் இல்லை என்பதை வைத்து அதைப் பெண் யானை என்று எண்ணி நெருங்கிவிடக் கூடாது.

கூடாரம் அடிக்கும் இடத்தைப் பற்றி உள்ளூர்க் கமக்காரரிடம் கேளுங்கள். கையிலுள்ள தொலைபேசியை விட அவர் சொல்வதே நம்பத்தக்கது. யானைகள் நீருக்கு வந்துபோகும் தடங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை; இலத்தி கிடக்கும் பாதையை விட்டு விலகியிருங்கள். முதலை வாழும் குளங்களில் நீரோரம் படுப்பதும் ஆகாது. அரிசி, உப்பு, பழம் எதையும் கூடாரத்துக்குள் வைக்க வேண்டாம், ஏனெனில் அவற்றைத் தேடி வீட்டுச் சுவரையே இடிக்கும் யானைக்குச் சீலைக் கூடாரம் ஒரு பொருட்டல்ல.

பாலைப்பழக் காலத்தில் கரடியின் சங்கதி வேறு. ஊர்ச் சிறுவர்களுக்கும் கரடிக்கும் அப்போது ஒரே மரந்தான் விருப்பம். கண்பார்வை குறைந்த அந்த விலங்கு நம்மை மிக அருகில் திடீரென உணரும்போது அஞ்சிப் பாய்கிறது. அதனால் காயப்பட்டோர் வன்னியில் உண்டு. எனவே பழுத்த பாலைமரத்தின் கீழ் தங்காதீர்கள். பற்றைகளுக்கிடையே நடக்க நேர்ந்தால் பேசிக்கொண்டே நடவுங்கள்.

விலங்கை விடவும் நான் அஞ்சுவது மண்ணுக்குள் இருப்பதைத்தான். போர் முடிந்தது 2009 இல் என்றாலும் மிதிவெடி அகற்றும் பணி அதற்குப் பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை கண்ணிற்பட்டால் ஓர் அடியும் எடுத்து வைக்கக் கூடாது. பலகை இல்லாத இடத்திலும் மக்கள் நடந்து பழகிய பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

பறவைகளுக்காக வருவோர் மழைக்குப் பிந்திய மாதங்களைத் தெரிவு செய்வது நல்லது. 1938 இல் சரணாலயமாகவும் 2015 இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட, கடலோரக் களப்பான சுண்டிக்குளத்தின் ஆழமற்ற உவர்நீரில், அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து இரை வடிக்கும் பூநாரைகளை அப்போது காணலாம். பூங்கா எல்லைக்குள் தங்குவதற்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதைப் புறப்படுவதற்கு முன்னரே பெற்றுக்கொள்ளுங்கள்.

வணக்கம்.