சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

நேயர்களுக்கு வணக்கம். சென்னைக்கு அருகில் இருப்பது மதுரையா, யாழ்ப்பாணமா என்று வகுப்பில் கேட்கும்போதெல்லாம் மாணவர்கள் தயங்காமல் மதுரை என்றே சொல்வார்கள். வான்வழியில் நேராக அளந்தால் சென்னை விமான நிலையத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்து விமான நிலையம் இருக்கும் பலாலியோ ஏறத்தாழ 355 கிலோமீட்டர்தான். பலாலி சென்னைக்கு நேர் தெற்கே இருக்கிறது. மதுரை தெற்கே மட்டுமன்றி மேற்கேயும் விலகிக் கிடக்கிறது.

இவ்வளவு அருகில் உள்ள யாழ்ப்பாணத்துக்கு விமானம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. கொழும்பின் கட்டுநாயக்க நிலையம் சுமார் 645 கிலோமீட்டர் தொலைவில் இருந்தும் அங்கே செல்ல ஒன்றரை மணியை ஒட்டியே ஆகிறது. கட்டுநாயக்கவுக்குப் பறப்பவை பெரிய ஜெட் விமானங்கள். பலாலியின் ஓடுபாதை நீளம் குறைந்தது என்பதால், மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் செல்லும் ஏ.டி.ஆர். எனும் சிறிய சுழல்விசிறி விமானங்களே அங்கே இறங்குகின்றன. மேலும், பயணச்சீட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரையிலான நேரம் அது.

என் உறவினர் ஒருவரின் பயணத்தைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். யாழ்ப்பாணத்தவரான அவர், 2019க்கு முந்திய ஆண்டுகளில் சென்னையில் இருக்கும் மகளைப் பார்க்க வருவதென்றால், முதலில் இரவுப் பேருந்தில் ஏறி, சென்னைக்கு நேர் எதிர்த் திசையில், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தெற்கே கொழும்புக்குப் போவார். உறவினர் வீட்டில் இளைப்பாறிவிட்டுக் கட்டுநாயக்கவில் விமானம் ஏறுவார். நேயர்களே, கட்டுநாயக்கவையும் சென்னையையும் இணைத்து வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தால், அது யாழ்ப்பாணத்தின் மேலேயே செல்கிறது! தம் வீட்டை விட்டுப் புறப்பட்டவர், அந்த வீட்டுக்கு மேலாகவே பறந்து சென்னைக்கு வந்திருக்கிறார். 355 கிலோமீட்டர் அவருக்கு ஆயிரம் கிலோமீட்டரை எட்டியது. மீண்டும் சொல்கிறேன், தூரம் சற்றும் மாறவில்லை. நேர்வழி இல்லாததே ஒன்றேகால் மணிப் பயணத்தை ஒரு நாளுக்கு மேலாக நீட்டியது.

அந்த நேர்வழி முன்பு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையில் புறப்பட்டு, பலாலியை ஒட்டிய காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. போர்க்காலத்தில் பலாலி படைத்தளமாயிற்று. பயணிகளுக்கு இந்த வழி இல்லாமற்போயிற்று. 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே சென்னையிலிருந்து சேவை தொடங்கியது. தொற்றுநோய்க் காலத்தில் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. இரு கரைகளிலும் பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு இது இனியொரு முறை நின்றுவிடக் கூடாது என்பதே என் விருப்பம்.

நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. அது 2023 அக்டோபரில் தொடங்கியது, கடல்வழி ஏறத்தாழ 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.