நேப்பிள்ஸ், 1943: கேமரா வந்து சேர்வதற்கு முன்

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் ஒரு நகரம் விடுதலை பெற்றது என்றதும் நம் மனக்கண்ணில் எழும் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான்: டாங்கிகளின் மேல் படைவீரர்கள், சாலையின் இரு மருங்கிலும் கையசைக்கும் மக்கள், அவர்கள் வீசும் பூக்கள். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலும் இத்தகைய படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் பொய் இல்லை. ஆனால் அவற்றை மட்டும் பார்ப்பவர், நேச நாட்டுப் படைகளே அந்நகரை மீட்டன என்ற முடிவுக்குத்தான் வருவார். 1943 அக்டோபர் 1ஆம் நாள் அப்படைகள் நுழைந்தபோது ஜெர்மானியர் நகரை விட்டுப் போயிருந்தார்கள். அதற்கு முந்தைய நான்கு நாட்கள் அவர்களை எதிர்த்துத் தெருத்தெருவாகப் போரிட்டவர்கள் நகர மக்கள். ஆகவே, விடுதலைப் படம் ஒன்றைக் கையில் எடுப்பவர், அதை எடுத்த கேமரா அந்நகருக்கு எப்போது வந்து சேர்ந்தது என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செப்டம்பர் 8 அன்று, அதுவரை ஜெர்மனியின் கூட்டாளியாக இருந்த இத்தாலி போரிலிருந்து விலகுவதாக அறிவிக்கப்பட்டதும் ஜெர்மானியப் படை நேப்பிள்ஸைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. கட்டாய உழைப்புக்கு ஆண்கள் வரவேண்டும் என்று ஆணையிடப்பட்டது. சுமார் 30,000 பேரை எதிர்பார்த்த இடத்தில் ஏறத்தாழ 150 பேரே வந்தார்கள். பிறகு வீதிகளில் ஆள்பிடிப்பு தொடங்கியது. செப்டம்பர் 27 முதல் 30 வரை மக்கள் கிடைத்த ஆயுதங்களை ஏந்தித் திருப்பித் தாக்கினார்கள். நகருக்குத் தெற்கே சலேர்னோ கடற்கரையில் தரையிறங்கிய நேச நாட்டுப் படைகளுக்கு அஞ்சி ஜெர்மானியர் பின்வாங்க எண்ணியிருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது; ஆனாலும் அவர்கள் எண்ணியிருந்தபடி அமைதியாக வெளியேற முடியாமல் செய்தது இந்தக் கிளர்ச்சிதான். பதினோரு வயதுச் சிறுவன் ஜென்னாரோ கப்புவோட்சோ இதில் உயிரிழந்தான்; அவன் மறைந்த பின் இத்தாலி அவனுக்கு வீரத்துக்கான தங்கப் பதக்கம் வழங்கியது.

அந்த நான்கு நாட்களிலும் நேச நாட்டுப் படைகளோடு வந்த ஒளிப்படக்காரர் எவரும் நகருக்குள் இல்லை. ஆகவே அவர்களுடைய தொகுப்புகளில் துப்பாக்கியோடு நிற்கும் சிறுவர்களின் படங்கள், சண்டை ஓய்ந்தபின் கேமராவுக்கு முன் நின்றவர்களின் படங்கள். இதனால் அச்சிறுவர்களின் துணிவு சற்றும் குறையாது. படம் எதற்குச் சாட்சி என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

அப்படிப் படைகளோடு வந்த ஒளிப்படக்காரர்களில் ஒருவர் ஹங்கேரியில் பிறந்த ராபர்ட் காப்பா. அக்டோபர் 2 அன்று, வோமெரோ குன்றுப் பகுதியிலுள்ள ஒரு பள்ளியில், சண்டையில் இறந்த இருபது இளைஞர்களின் இறுதிச் சடங்கை அவர் படமெடுத்தார். கறுப்புடை அணிந்த பெண்கள் ஒருவரையொருவர் நெருக்கி நிற்கிறார்கள். வாய்விட்டு அழும் முகங்களும் கசங்கிய கைக்குட்டைகளும் படத்தை நிறைக்கின்றன. ஒருவர்கூடக் கேமராவுக்காக நிற்கவில்லை. சண்டையிடும் வயது வந்த அப்பிள்ளைகளுக்குச் சிறுவர் சவப்பெட்டிகள் நீளம் போதவில்லை என்றும், மேலே வைத்த பூக்களால் அவர்களுடைய பாதங்களை மறைக்க முடியவில்லை என்றும் காப்பா பின்னாளில் எழுதினார். தாம் எடுத்த வெற்றிப் படங்களில் மிக உண்மையானவை இவையே என்பதும் அவருடைய கணிப்பு. சண்டையைப் பார்க்காத கேமரா, அந்தச் சண்டையின் விலையைப் பார்த்துவிட்டது. பூ வீசும் படங்கள் நூறு பார்த்தாலும், நேப்பிள்ஸை விடுவித்தவர்கள் யார் என்பதை இந்த ஒரு படம் சொல்வதுபோல அவை சொல்வதில்லை.

இருந்தாலும், படக்குறிப்பை நீக்கிவிட்டால் இந்தப் படமும் ஊமையாகிவிடும். எந்த நாட்டிலும் எந்தச் சாவுக்கும் பெண்கள் இப்படித்தான் அழுவார்கள். பிள்ளைகள் ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்டு, நேச நாட்டுப் படைகள் வருவதற்கு முன்பே இறந்தார்கள் என்ற செய்தி குறிப்பில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவத்தின் படப்பிரிவினர் எடுத்த ஒவ்வொரு படத்தோடும் இடம், நாள், பொருள் எழுதிய தாளை அனுப்பினார்கள். காப்பகத்தில் படத்தைத் தேடி எடுப்பவர்கள் அந்தத் தாளையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். இணையத்தில் படம் கைமாறும்போது முதலில் உதிர்வது அதுதான்.

குறிப்பின் மதிப்புக்கு அதே நாட்களிலேயே ஒரு பெருஞ்சான்று இருக்கிறது. செப்டம்பர் 30 அன்று, பாதுகாப்புக் கருதி சான் பாவ்லோ பெல்சீத்தோ என்ற ஊரின் மாளிகை ஒன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்த நேப்பிள்ஸ் அரசு ஆவணங்களை ஜெர்மானிய வீரர்கள் எரித்தார்கள். நேப்பிள்ஸை ஆண்ட ஆஞ்சு மரபு மன்னர்களின், 13ஆம் நூற்றாண்டிலிருந்து தொடரும் பதிவேடுகள் சாம்பலாயின. காப்பகத்தின் இயக்குநர் ரிக்கார்தோ ஃபிலாஞ்சியேரி மனம் தளராமல், முன்பு அவற்றைப் படித்திருந்த அறிஞர்களிடம் இருந்த கைப்படிகளையும் மைக்ரோஃபிலிம்களையும் ஒளிப்படங்களையும் திரட்டி மீட்டுருவாக்கத் தொடங்கினார். அவற்றின் முதல் தொகுதி 1950இல் வெளிவந்தது. எந்தப் பதிவேட்டின் எந்த ஏட்டிலிருந்து எடுத்தது என்று அந்த அறிஞர்கள் எண் குறித்து வைத்திருந்ததால்தான், எரிந்துபோன ஏடுகளின் வரிகளை அவற்றுக்குரிய இடத்தில் மீண்டும் வைக்க முடிந்தது.