பெர்சிபோலிஸின் களிமண் கணக்கேடுகள்

அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பண்டைய பாரசீகம் என்றதும் மாரத்தான் போரும், தெர்மோபைலே கணவாயும், பெரும்படை திரட்டி வந்த பாரசீகப் பேரரசன் செர்க்ஸீசுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. இவை எல்லாம் கிரேக்கர் வழியாக நமக்கு வந்து சேர்ந்தவை. பகைவர் எழுதியதையே ஓர் இனத்தின் வரலாறாக நெடுங்காலம் படித்துவந்தோம். பாரசீகரின் சொந்த ஆவணங்கள் கிடைத்த பின்னும் அந்தப் பழக்கம் முற்றிலும் மாறவில்லை என்பது என் வருத்தம். ஆகவே, அந்த ஆவணங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஈரானின் ஷிராஸ் நகருக்கு வடகிழக்கே, பாரசீகப் பேரரசன் முதலாம் தாரியஸ் எழுப்பத் தொடங்கிய பெர்சிபோலிஸ் அரண்மனை மேடையில், சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய நிறுவனத்துக்காக அகழாய்வு நடத்திய எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்ஃபெல்ட் என்ற ஜெர்மானிய அறிஞர், 1933ஆம் ஆண்டில் கோட்டைச் சுவருக்குள் இருந்த சிறிய அறைகளில் களிமண் பலகைகள் குவிந்து கிடப்பதைக் கண்டார். முழுப் பலகைகளும் உடைந்த துண்டுகளுமாக அவை பல்லாயிரம். கி.மு. 509 முதல் 493 வரை, தாரியஸின் ஆட்சியில், அரசுக் கிடங்குகளிலிருந்து தானியமும் மதுவும் ஆடுமாடுகளும் யார் யாருக்கு வழங்கப்பட்டன என்ற கணக்குகளே அவை. மலைப்பாறைகளில் தன் வெற்றிகளைப் பழம்பாரசீக மொழியிலும் செதுக்கச் செய்த அரசனின் அலுவலகம், அன்றாடக் கணக்கைப் பெரும்பாலும் தென்மேற்கு ஈரானின் பழைய மொழியான ஈலமியத்தில், ஆப்பு வடிவக் கோடுகளால் ஆன ஆப்பெழுத்தில் எழுதியது. ஒரு பகுதி அரமேய மொழியில் உள்ளது. கிரேக்கத்தில் எழுதிய பலகை ஒன்றே ஒன்று. அதில் இருப்பது இரண்டு மாரிஸ் (ஒரு முகத்தலளவை) மதுவும் ஒரு மாதத்தின் பெயரும் மட்டுமே.

பலகைகளுள் பல உள்ளங்கையில் அடங்கிவிடும். முடிச்சிட்ட ஒரு நூலைச் சுற்றி ஈரக் களிமண்ணைப் பிடித்து, நாக்கு வடிவில் தட்டி, ஒரு பக்கத்து விளிம்பை மட்டும் தட்டையாக்கியிருக்கிறார்கள். அந்த விளிம்பின் இரு முனைகளிலும் நூல் வெளியே வந்த துளைகளை இன்றும் காணலாம். எழுத்தாணியால் ஆப்பெழுத்தை அழுத்திய பின், பொறுப்பாளர் தம் உருளை முத்திரையை ஈர மண்மீது உருட்டுவார். நம் அலுவலகங்களில் கையொப்பத்துக்கு இருக்கும் மதிப்பு அங்கே முத்திரைக்கு இருந்தது.

இந்த நிர்வாகம் முழுவதற்கும் தலைவராக இருந்தவர் பர்னக்கா. அவர் தாரியஸின் சிற்றப்பன் அல்லது பெரியப்பன் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ‘அர்ஷாமின் மகன்’ என்று அவர் முத்திரை கூறுவதே அதற்குச் சான்று; தாரியஸின் பாட்டனார் பெயர் அர்ஷாம். அவருக்கு நாளொன்றுக்கு இரண்டு ஆடுகளும், ஏறத்தாழ 90 லிட்டர் மதுவும், 180 லிட்டர் மாவும் படியாக வழங்கப்பட்டன. அது ஒருவர் உண்டு தீர்க்கும் அளவன்று. அவரைச் சார்ந்திருந்த பரிவாரத்துக்கும் சேர்த்தே இருக்க வேண்டும். கி.மு. 500இல் அவருடைய கடிதங்களில் ஒரு குறிப்பு வருகிறது: முன்பு தமக்கிருந்த முத்திரை மாற்றப்பட்டுவிட்டது, இந்தப் பலகையில் உள்ளதே இனித் தம்முடையது என்று. பேரரசின் உயர்ந்த அதிகாரியும் தம் முத்திரை மாறியதை எழுத்தில் அறிவிக்க வேண்டியிருந்த கட்டுப்பாட்டை அதில் பார்க்கிறோம்.

அரசியர் அந்தப்புரத்துக்குள் அடங்கிக் கிடந்தனர் என்ற எண்ணத்தையும் இப்பலகைகள் தகர்க்கின்றன. பேரரசை நிறுவிய சைரஸின் மகளும் தாரியஸின் மனைவியுமான இர்தஷ்துனாவைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸும் அறிந்திருந்தார். அவர் இந்த அரசியை ஆர்டிஸ்டோனே என்று குறிப்பிடுகிறார். கி.மு. 506இல் அந்த அரசிக்கு அரசனின் சொந்தப் பண்ணையிலிருந்து 100 ஆடுகளை வழங்குமாறு அரசன் கட்டளையிட்டதைப் பர்னக்கா கால்நடைத் தலைவருக்குத் தெரிவிக்கும் கடிதம் கிடைத்துள்ளது. அந்த அரசி தம் சொந்த முத்திரையிட்டு ஆணைகள் பிறப்பித்ததையும் பலகைகள் காட்டுகின்றன.

உழைப்பாளர் நிலை இதனின்றும் வெகு தொலைவு. ‘குர்தஷ்’ என்று குறிக்கப்பட்ட தொழிலாளரில் ஆண் ஒருவருக்கு மாதம் 30 லிட்டர் அளவு பார்லி அடிப்படைப் படி. பெண்கள் பலருக்கு அதனினும் குறைவு. ஆயினும் சில பெண்கள் தலைமைப் பொறுப்பில் இருந்து, தம் குழுவின் ஆண்களைவிட அதிகம் பெற்றனர். பிள்ளை பெற்ற தாய்க்குத் தனிப்படி இருந்தது. ஆண் பிள்ளை என்றால் 10 லிட்டர் மது, பெண் என்றால் பாதி. அக்கறையும் பாகுபாடும் ஒரே வரியில் பதிவாகியிருக்கின்றன. ஒன்றை எடுத்துச் சொல்லி மற்றொன்றை மறைப்பது நேர்மையன்று.

சமயம் பற்றியும் ஒரு சொல். அரச சாசனங்கள் பாரசீகரின் பெருங்கடவுளான அகுரமஸ்தாவையே உயர்த்திப் பேசும்போது, இக்கணக்குகள் ஈலமியத் தெய்வமான ஹும்பனுக்கும் அரசுச் செலவில் படையல் சென்றதை, அதுவும் தாராளமாகச் சென்றதைக் காட்டுகின்றன.

ஆய்வுக்காகக் கடனாக 1930களில் சிகாகோ சென்ற இப்பலகைகளுள் 2,087 பனுவல்களை ஆய்வாளர் ரிச்சர்ட் ஹாலக் 1969இல் பதிப்பித்தார். பின்னர், ஈரான் அரசுக்கு எதிராக இழப்பீட்டுத் தீர்ப்புப் பெற்றவர்கள் இவற்றைக் கைப்பற்ற முயன்றபோது, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2018இல் அம்முயற்சி நிராகரிக்கப்பட்டது. இவை ஏலத்தில் சிதறியிருந்தால், ஒரே முத்திரை எந்தெந்தப் பலகைகளில் பதிந்திருக்கிறது என்று ஒப்பிட்டு, அதிகாரிகளின் பொறுப்புகளைக் கண்டறியும் வழியே அடைபட்டிருக்கும். 2019இல் 1,783 பலகைகள் ஈரானுக்குத் திரும்பின. எஞ்சியவற்றைப் படிக்கும் பணி தொடர்கிறது.