வீல கைல சுத்துனா ஒரு நிமிஷம் சுத்துது, அப்போ அது நல்ல பேரிங்கா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம் மக்களே. இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு என்ன மூணு நாளா விடவே இல்ல, அதனால இன்னைக்கு அந்த ஒண்ணு மட்டும்தான் எடுத்துக்கப் போறேன், மத்தவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த வாரம் கண்டிப்பா சொல்றேன்.

கோவளம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. "அண்ணா, என் ஸ்கேட்போர்டு வீல கைல சுத்தி விட்டா பத்து செகண்ட்ல நின்னுடுது, என் பிரெண்டோடது ஒரு நிமிஷத்துக்கு மேல சுத்துது. என்னோடதுல கரகரன்னு சத்தம் வேற. ஏபெக் 9 வாங்கட்டுமா, செராமிக் வாங்கட்டுமா, இல்ல இருக்குறதையே கழுவி தேங்காய் எண்ணெய் விட்டா போதுமா?" இதான் கேள்வி.

தம்பி, முதல்ல அந்த பத்து செகண்ட விட்டுடுங்க. நான் முன்னாடி வீல் பத்தி பேசும்போதும் சொன்னேன், டிரக் (பலகைக்கு அடியில வீல்கள பிடிச்சிருக்குற இரும்புச் சட்டம்) பத்தி பேசும்போதும் சொன்னேன், இப்பவும் அதையேதான் சொல்லப் போறேன்: எடை எந்த வழியா போகுதுன்னு பாருங்க. கைல சுத்தும்போது அதுல எடையே இல்லையே? வெறும் வீல் மட்டும் அந்தரத்துல சுத்துது. அப்போ அத நிறுத்துறது பெரும்பாலும் உள்ள இருக்குற கிரீஸ்தான். புது பேரிங்ல கிரீஸ் கெட்டியா இருக்கும், சீக்கிரம் நின்னுடும், அது நல்ல விஷயம். உங்க பிரெண்டோட பேரிங்ல கிரீஸ் சுத்தமா காஞ்சு போயிருந்தாலும் அது ஒரு நிமிஷம் சுத்தும், ஆனா அது சாகப் போற பேரிங்.

2017ல எல்லார் கைலயும் பிட்ஜெட் ஸ்பின்னர் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதுக்கு நடுவுல இருந்ததும் நம்ம போர்டு வீல்ல போடுற 608ங்கற பேரிங்தான், அதே சைஸ், உள்ள 8 எம்எம் ஓட்டை, வெளிய 22 எம்எம், கனம் 7 எம்எம். அதுல இருந்த கிரீஸ எடுத்துட்டா நிமிஷக் கணக்குல சுத்தும். விளையாட்டுக்கு சரி, அது மேல ஏறி யாரும் நிக்கப் போறதில்ல. நம்ம போர்டு அப்படியா? 60 கிலோ ஆளு நாலு படிக்கட்டுல இருந்து குதிச்சு இறங்குறான். எட்டு பேரிங், ஒவ்வொண்ணுலயும் ஏழு பால்ஸ், மொத்தம் 56 குண்டு, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 4 எம்எம், அந்த அடி முழுக்க அதுங்க வழியாத்தான் தரைக்குப் போகணும். ஆள் ஏறி நின்னதுக்கு அப்புறம் உங்கள மெதுவாக்குறது பெரும்பாலும் யூரித்தேன் வீல் அமுங்கி அமுங்கி எழும்புறதும், ரோட்டுல இருக்குற சொரசொரப்பும்தான், கிரீஸ் பிடிக்குற பிடி அதுல தெரியவே தெரியாது. ஸ்பீடு வேணும்னா வீல மாத்துங்க, பேரிங்க இல்ல.

அப்புறம் ஏபெக். அமெரிக்கால பேரிங் செய்றவங்க வச்ச ஒரு அளவு அது, 1, 3, 5, 7, 9ன்னு போகும். அது எத அளக்குதுன்னா, உள் வளையம், வெளி வளையம்னு இருக்குற ரிங்கு ரெண்டையும் எவ்வளவு துல்லியமா கடைஞ்சிருக்காங்க, சுத்தும்போது எவ்வளவு ஆடுது, அவ்வளவுதான். இந்த சைஸ்ல ஏபெக் 1க்கு உள் ரிங்கு 10 மைக்ரான் வரைக்கும் ஆடலாம், ஏபெக் 7க்கு 2.5 மைக்ரான். நம்ம தலைமுடியே 50 மைக்ரானுக்கு மேல இருக்கும். இப்போ நீங்க அத மாட்டப் போற இடத்த பாருங்க, வீல் நடுவுல வார்த்து எடுத்த பிளாஸ்டிக் கோர், ரெண்டு தடவ கிரைண்ட் பண்ணி, அதாவது கம்பி மேல உரசிச் சறுக்கி, அடி வாங்கின ஆக்சில், அங்க போய் 2.5 மைக்ரான் என்ன பண்ணும்? அது மட்டும் இல்ல, என்ன இரும்பு, பால்ஸ் எவ்வளவு வழவழன்னு இருக்கு, பால்ஸ பிரிச்சு வைக்குற கேஜ் பிளாஸ்டிக்கா தகரமா, உள்ள என்ன எண்ணெய், குதிச்சா தாங்குமா, இது எதையுமே ஏபெக் சொல்றது இல்ல. வேகக் கணக்கும் போட்டுக் காட்டிடறேன். 52 எம்எம் வீல், மணிக்கு 20 கிலோமீட்டர்ல போறீங்க, வீல் நிமிஷத்துக்கு சுமார் 2,000 சுத்து சுத்தும். சாதாரண 608 பேரிங்கே நிமிஷத்துக்கு 30 ஆயிரம் சுத்துக்கு மேல தாங்குற மாதிரி செய்றது. நம்ம அதோட வாசப்படியக்கூட தாண்டுறது இல்ல.

செராமிக் பத்தி கேட்டீங்க. பால்ஸ் மட்டும்தான் செராமிக், சிலிக்கான் நைட்ரைடுன்னு சொல்வாங்க, லேசா இருக்கும், துரு பிடிக்காது, நல்ல பொருள்தான், நான் குறை சொல்லல. ஆனா அது உருள்ற ரிங்கு ரெண்டும் பெரும்பாலும் இரும்புதானே? கோவளத்துல உப்புக் காத்து, கடற்கரை மணல். ரிங்கு துரு பிடிச்சா செராமிக் குண்டு அந்த துரு மேலதான் உருளணும். பேரிங் இரும்ப குரோம் ஸ்டீல்னு சொல்றாங்களே, அப்போ துரு பிடிக்காதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நம்ம லேத் பட்டறைல இஎன் 31ன்னு சொல்றாங்களே, அந்த ஜாதிதான் இது, குரோமியம் 1.5 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். எவர்சில்வர் ஆகணும்னா குறைஞ்சது 10.5 சதவீதம் வேணும். அதனால துரு பிடிக்கும், கடல் பக்கம் ஒரே ராத்திரில பிடிக்கும்.

உங்களுக்கு நான் சொல்றது, ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் வச்ச 608, கடைல 2ஆர்எஸ்னு கேளுங்க, உள்ள கிரீஸோட வரும். பாரிஸ் கார்னர் பக்கம் மெஷின் சாமான் விக்குற கடைகள்லயே கிடைக்கும், ஸ்கேட் கடைல இருந்துதான் வாங்கணும்னு இல்ல. ஆனா தெரிஞ்ச கடைல வாங்குங்க, டூப்ளிகேட் நிறைய. கைல சுத்துனா அது மூணு செகண்ட்ல நின்னுடும், பயப்படாதீங்க. மணலும் தண்ணியும் உள்ள போகாம இருக்கறதுதான் உங்க ஊருக்கு முக்கியம்.

இப்போ கழுவுறது. இதோ, என் பழைய பேரிங் ஒண்ணு, கேமரா கிட்ட கொண்டு வர்றேன். இத மூடியிருக்குறது ரப்பர் சீல் இல்ல, தகர ஷீல்டு. ஓரத்துல வளையமா ஒரு கம்பி தெரியுதா, அதுல ஒரு இடத்துல மட்டும் சின்ன இடைவெளி இருக்கும், அதோட நுனில ஊசிய விட்டு நெம்பணும். கம்பி தெறிக்கும், விரலால மூடிக்கோங்க. இப்போ ஷீல்டு வந்துடுச்சு. உள்ள பாருங்க, கிரீஸ் கருப்பா மை மாதிரி, அதுல மினுமினுன்னு தெரியுது பாருங்க, அது மணல் இல்ல, இரும்புத் துகள், பேரிங் தன்னத் தானே அரைச்சுக்கிட்டது. ரப்பர் சீல்னா இன்னும் சுலபம், உள் பக்க ஓரத்துல ஊசிய மெதுவா விட்டு தூக்குனா வந்துடும், வெளி ஓரத்துல குத்தாதீங்க, மடங்கிடும். அப்புறம் சில பேரிங்ல ஷீல்ட அழுத்தி வச்சிருப்பாங்க, கம்பியே இருக்காது, அத நெம்புனா திரும்ப உக்காராது, அந்த மாதிரி இருந்தா ஒரு பக்கம் மட்டும் எடுத்துட்டு அந்த திறந்த பக்கம் வீலுக்கு உள்ள பாத்த மாதிரி மாட்டுங்க.

கழுவ ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், மொபைல் சர்வீஸ் கடைக்காரங்க ஐபிஏன்னு வச்சிருப்பாங்களே அதான். சானிடைசர் வேணாம், அதுல தண்ணியும் பிசுபிசுப்பும் இருக்கு. மூடி போட்ட சின்ன பாட்டில்ல போட்டு குலுக்குங்க, தண்ணி கருப்பாகும், கொட்டிட்டு திரும்ப புதுசு ஊத்துங்க, தெளிவா வர்ற வரைக்கும். மண்ணெண்ணெய்ல கழுவலாம், அழுக்கு போகும், ஆனா ஒரு பசை மாதிரி தங்கிடும், கடைசியா ஆல்கஹால்ல ஒரு அலசு அலசணும். ரப்பர் சீல மட்டும் இதுல எதுலயும் போடாம தனியா சோப்புத் தண்ணில கழுவி துடைச்சு வைங்க. இதெல்லாம் பத்திக்கிற சாமான், ஜன்னல திறந்து வச்சு பண்ணுங்க, அடுப்பு பக்கத்துல வேணாம்.

காயவைக்குறதுல ஒரு விஷயம். எனக்கு நடந்தத சொல்றேன். காலேஜ் படிக்கும்போது ஒரு மழைல போர்டு முழுக்க நனைஞ்சு, எட்டு பேரிங்கையும் கழட்டி சோப்புத் தண்ணில நல்லா கழுவிட்டு, துணில விரிச்சு வச்சிட்டு தூங்கிட்டேன். காலைல பாத்தா துணில எட்டு காவி வட்டம். பேரிங் ஒண்ணுகூட சுத்தல. அந்த எட்டையும் வாங்க நான் ரெண்டு மாசம் காசு சேத்தேன், அந்த துணிய இன்னும் வச்சிருக்கேன். அதனால கழுவுன உடனே துடைச்சு, ஆல்கஹால் முழுக்க ஆவியாகிப் போனதும் ஹேர் டிரையர்ல காய வச்சு, சூடு ஆறுறதுக்குள்ள எண்ணெய் விட்டுடுங்க. பஞ்சர் கடைல ஏர் அடிச்சு விர்ர்ருன்னு சுத்த விடுவாங்க, கேக்க நல்லா இருக்கும், தயவு செஞ்சு பண்ணாதீங்க. எண்ணெய் இல்லாத பால்ஸ் அந்த வேகத்துல உருளாது, வழுக்கும், கீறல் விழும், பிரிஞ்சு தெறிச்சா கண்ணு போயிடும்.

எண்ணெய் ரெண்டு சொட்டு, தையல் மிஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேணாம் தம்பி. மார்கழி காலைல பாட்டில்ல அது உறைஞ்சு நிக்குது பாருங்க, 24 டிகிரி பக்கத்துலயே கெட்டியாகுற எண்ணெய் அது, தவிர நாள் ஆக ஆக கெட்டுப் போகும், மணல இழுத்து ஒட்ட வச்சுக்கும். சாதாரண டபிள்யூடி-40யும் இதுக்கு எண்ணெய் கிடையாது, அது அழுக்கையும் இருக்குற கிரீஸையும் கரைச்சு விட்டுடும், கொஞ்ச நாள்ல காஞ்சுடும். நீங்க கடற்கரைல ஓட்டுறதால எண்ணெய விட லேசான கிரீஸ் கொஞ்சமா வைக்குறது இன்னும் நல்லது, உள்ள பாதி இடம் நிரம்புனா போதும்.

இதுக்கு அப்புறம் உள் ரிங்க விரல்ல அழுத்திப் பிடிச்சு மெதுவா, ரொம்ப மெதுவா திருப்புங்க. விரல்ல நறநறன்னு, இல்ல ஒரு இடத்துல தடுக்குற மாதிரி தெரிஞ்சா ரிங்குல குழி விழுந்துடுச்சுன்னு அர்த்தம். அத எந்த எண்ணெயும் சரி பண்ணாது, தூக்கிப் போடுங்க.

இப்போ நீங்க கேட்காத கேள்வி, எனக்கு அதுதான் முக்கியம். உங்க பேரிங்ல குழி ஏன் விழுந்துச்சு? தம்பி ஒரு போட்டோவும் அனுப்பியிருக்காரு, நாலு வீல், எட்டு பேரிங், நாலு நட்டு. ஸ்பேசர் எங்க? வாஷர் எங்க?

சின்ன வயசுல நாங்க பேரிங் வண்டி ஓட்டுவோம், லாரி பட்டறைல தூக்கிப் போட்ட பேரிங்க கெஞ்சி வாங்கி வந்து பலகைல மாட்டி, தார் ரோட்டுல ஓட்டுனா தெருவே அலறும். ஒரு நாள் பேரிங் கட்டைல ஏறலன்னு சுத்தியல எடுத்து வெளி ரிங்குல அடிச்சேன். பட்டறை மேஸ்திரி வந்து கைய பிடிச்சுட்டாரு. "கட்டைல ஏத்தணும்னா உள் ரிங்க தட்டு, குழிக்குள்ள இறக்கணும்னா வெளி ரிங்க தட்டு, நீ தட்டுற அடி குண்டு வழியா போகக் கூடாதுடா"ன்னு சொன்னாரு. நான் எடை எந்த வழியா போகுதுன்னு உங்ககிட்ட திரும்பத் திரும்ப சொல்றது அவர்கிட்ட கத்துக்கிட்டதுதான்.

ஸ்பேசர் அந்த வேலையத்தான் பண்ணுது. ஒரு வீலுக்குள்ள ரெண்டு பேரிங், நடுவுல காலி. நட்ட முறுக்குனா ரெண்டு உள் ரிங்கும் ஒண்ண ஒண்ணு பாத்து நெருங்கும், வெளி ரிங்கு வீல்ல உக்காந்திருக்கு, அது நகராது, அப்போ அந்த இறுக்கம் முழுக்க பால்ஸ் மேல பக்கவாட்டுல ஏறும். வீல் டைட்டாகும். உடனே நீங்க நட்ட லூஸ் பண்ணுவீங்க. லூஸ் பண்ணா வீல் டக் டக்குனு ஆடும், ஒவ்வொரு பவர்ஸ்லைடுக்கும் (போர்ட குறுக்க திருப்பி வழுக்க விடுறது) ஒவ்வொரு லேண்டிங்குக்கும் பால்ஸ் சைடுல இடி வாங்கும். இந்த பேரிங் முக்கியமா மேல இருந்து கீழ வர்ற எடைக்கு செஞ்சது, சைடு அடி கொஞ்சம்தான் தாங்கும். நடுவுல 10 எம்எம் நீளத்துக்கு, 8 எம்எம் ஓட்டை போட்ட ஒரு குழாய் துண்டு வச்சா வாஷர், உள் ரிங்கு, ஸ்பேசர், உள் ரிங்கு, வாஷர், எல்லாம் ஒரே தூண் மாதிரி ஆயிடும், நட்டோட இறுக்கம் அந்த தூண் வழியா போயிடும், பால்ஸுக்கு தெரியவே தெரியாது. வெளிப்பக்க வாஷர் எதுக்குன்னா நட்டும், டிரக்ல ஆக்சில பிடிச்சிருக்குற ஹேங்கரும் உள் ரிங்கு பக்கம் மட்டும் அழுத்தணும், ஷீல்ட உரசக் கூடாது.

மாட்டும்போது பேரிங்க ஆக்சில் மேல வச்சு, வீல அது மேல வச்சு உள்ளங்கையால அழுத்துங்க, ஸ்பேசர போட்டு திருப்பி அடுத்த பக்கம். கை பலத்துக்கு பால்ஸுக்கு ஒண்ணும் ஆகாது, சுத்தியல் வேணாம். கழட்டவும் அதே ஆக்சில்தான், வீல பாதி வெளிய இழுத்து பேரிங்க ஆக்சில் நுனில மாட்டி லேசா திருகுனா வந்துடும். நட்டுக்கு 12-13 ஸ்பானர்ல 13 பக்கம் சரியா உக்காரும். ஸ்பேசர் சரியா இருந்தா நட்ட இறுக்குனாலும் வீல் தாராளமா சுத்தும், நிக்குற மாதிரி இருந்தா மட்டும் அங்க இருந்து கொஞ்சமே கொஞ்சம் பின்னாடி, வீல பிடிச்சு ஆட்டுனா மயிரிழைக்கு மேல ஆட்டம் இருக்கக் கூடாது.

அதனால தம்பி, இப்போதைக்கு ஏபெக் 9ம் வேணாம் செராமிக்கும் வேணாம். நாலு ஸ்பேசர், எட்டு வாஷர், எட்டு ரப்பர் சீல் பேரிங் வாங்குங்க. ஸ்பேசர் கிடைக்கலன்னா லேத்துல 8 எம்எம் ஓட்டைக்கு 10 எம்எம் நீளம்னு சொல்லி நாலு துண்டு கடைஞ்சு வாங்கிக்கோங்க, நாலும் ஒரே நீளமா இருக்கான்னு வெர்னியர்ல அளக்க சொல்லுங்க. மாட்டிட்டு ஒரு மாசம் ஓட்டி, கழட்டி, சீல தூக்கி உள்ள ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, கிரீஸ் என்ன கலர்ல இருக்குன்னு நான் பாக்கணும்.